முப்பிடாதி செய்த மருந்துக் கொம்பு

நல்லாம்பாறை அம்மன் தன் அண்ணனோடு வேட்டுச் சத்தத்தில்தான் பேசுவாள். அண்ணன் சாஸ்தா ஆற்றுக்கு அக்கரையில், ஆலடிக்கரையில் இருக்கிறார். சித்திரை மாதக் கொடைத் திருவிழாவின் உச்சிப்பொழுதில் இந்தக் கரையில் ஒரு வேட்டுப் போட்டால் ‘அண்ணே, வரட்டுமா’ என்று அர்த்தம், அந்தக் கரையில் ஒரு வேட்டுப் போட்டால் ‘வா தங்கச்சி’ என்று அர்த்தம், அந்தப் பதில் வந்த பிறகுதான் அம்மன் சப்பரத்தில் ஏறி, தண்ணீரை மறந்துபோன ஆற்று மணலில் இறங்கி, அண்ணன் வீட்டுக்கு விருந்து போவாள். பதில் வராமல் அவள் கிளம்பியதே இல்லை. ஒரு வருஷம் அக்கரை வேட்டுக்காரர் வெயிலுக்கு ஒதுங்கி ஆலமரத்தடியில் தூங்கிப்போனார், அன்றைக்கு இரண்டு ஊர்ச் சோறும் ஊசிப்போயிற்று, ஆனாலும் யாரும் போய் அவரை எழுப்பவில்லை, ஏனென்றால் சாமி பேச்சில் மனுஷன் குறுக்கே போகக்கூடாது.

நல்லாம்பாறையில் வேட்டுப் போட்டு வந்தவர் பூதத்தான். இரும்புக் குழாயை மண்ணில் நட்டு, மருந்தை இட்டு, செங்கல்பொடி வைத்து இறுக்கி, குழாயின் அடியில் இருக்கும் காது என்கிற துளையில் ஒரு சிட்டிகை மருந்து தூவி, நீளக் கம்பின் நுனியில் கட்டிய கயிற்றுத் தீயால் பற்றவைப்பார். வாலிப வயதிலிருந்து வைத்து வைத்து அவருடைய காது போயிற்று. முதலில் கொசுச் சத்தம் போயிற்று, பிறகு குக்கர் விசில் போயிற்று, பிறகு மனைவி முப்பிடாதியின் குரல் போயிற்று, போன கொடையில் வேட்டுச் சத்தமே போயிற்று. அக்கரையிலிருந்து பதில் வந்து, ஊரே “வந்துட்டுய்யா, வந்துட்டு” என்று கத்தியும், அவர் கையைக் காதோரம் குவித்து வைத்துக்கொண்டு நின்றார். தன்னை ஏசுகிறார்கள் என்று நினைத்து நாலு வார்த்தை திருப்பியும் ஏசினார். வேட்டுப் போட்டவர் காதால் பதிலைக் கேட்டு, ‘வந்துட்டு’ என்று வாயால் சொன்னால்தான் சப்பரம் எழும்பும் என்பது முறை. ஆகவே அடுத்த கொடைக்கு வேறு ஆள் வேண்டும் என்று கோயிலில் கூட்டம் போட்டார்கள்.

கூட்டத்தில் முப்பிடாதி எழுந்து நின்றாள்.

“மருந்து அரைச்சது நான், சலிச்சது நான், குழாயில இடிச்சு இறுக்கினது நான். அவரு பத்த வச்சாரு, அவ்வளவுதான். இனி அதையும் நானே வச்சுக்கிடுதேன்.”

தர்மகர்த்தா ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். வேட்டுப் போடுகிறவருக்கு அக்கரையில் வைத்து அம்மன் இடுப்பிலிருந்து எடுத்த பட்டுத்துணியைத் தலையில் பரிவட்டமாகக் கட்டுவது வழக்கம். அந்தத் துணி இதுவரை எந்தப் பெண்ணின் தலைக்கும் போனதில்லை.

“பொம்பளைக்குப் பரிவட்டம் கட்டினது இல்லையேம்மா.”

“பத்த வச்சது ஆம்பளையா பொம்பளையான்னு வேட்டுக்குத் தெரியுமா மாமா?”

இதற்குப் பூதத்தானின் தம்பி சப்பாணிமுத்து எழுந்தான். அவனுக்கும் வேட்டின்மேல் ஆசை, அதைவிடப் பரிவட்டத்தின்மேல் ஆசை.

“மைனி, வேட்டு எடுக்கவங்க தன் கையாலயே மருந்துக் கொம்பு செய்யணும். எங்கய்யா செஞ்சாரு, எங்கண்ணன் செஞ்சாரு. ஊர் மாடா இருக்கணும், தானாச் செத்த மாடா இருக்கணும், அந்தக் கொம்புல இருக்கிற மருந்துதான் அம்மனுக்கு ஆகும். நீங்க செஞ்சிருவீகளா?”

“நீரு செஞ்சிருக்கீரா கொழுந்தனாரே?”

“எனக்கென்னத்துக்கு? அண்ணன் கொம்பு தம்பிக்குச் சேரும்.”

செய்கிறேன் என்று முப்பிடாதி சொல்லிவிட்டாள். அவள் அதுவரை கொம்பு செய்ததில்லை, செய்வதைப் பார்த்ததும் இல்லை, பூதத்தானின் கொம்பு கல்யாணத்துக்கு முன்பே செய்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அவருக்குக் கேட்காது.

அந்தத் தை மாதம் செத்துப்போன மாடு ஒன்றே ஒன்றுதான், அது கோயில் காளை. அம்மனுக்கு நேர்ந்து விட்ட அந்தக் காளை எந்த வயலிலும் மேயலாம், எந்தக் கடை முன்னாலும் நின்று பழம் கேட்கலாம், யாரும் விரட்டமாட்டார்கள். சகல உரிமையும் இருந்த அந்தக் காளைக்கு வேட்டு மட்டும் ஆகாது. ஒவ்வொரு கொடையிலும் மருந்து பற்றிய மாத்திரத்தில் ‘ம்ம்மா’ என்று கதறி, கதறலின் முடிவில் ஒரு விக்கல் விக்கி, மணலைக் கிளப்பிக்கொண்டு அக்கரைக்கு ஓடி, கொடை முடிந்து வாழைப்பழத்தோடு ஆள் வந்து கூப்பிடும்வரை ஆலடிக்கரையிலேயே நின்றுகொண்டிருக்கும். அதன் கொம்புகளைக் கோயில் அறையில் எடுத்து வைத்திருந்தார்கள். தர்மகர்த்தா ஒன்றை முப்பிடாதியிடம் கொடுத்தார்.

கொம்பைக் கையில் வாங்கியதும் அதன் வாயருகே குனிந்து ‘கொம்பு எனக்கு, குரல் உனக்கு’ என்று மூன்று முறை சொல்லவேண்டும். முப்பிடாதியும் சொன்னாள். ஆனால் கொம்பு நாறிய நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு அவசரமாகச் சொன்னபோது, ‘குரல் எனக்கு, கொம்பு உனக்கு’ என்று மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று சப்பாணிமுத்து பின்னால் சொல்லிக்கொண்டு திரிந்தான். சரியாகத்தான் சொன்னேன் என்று அவள் இன்றுவரை சொல்கிறாள்.

நெல் அவிக்கும் அண்டாவில் தண்ணீர் ஊற்றி, அதில் கொம்பைப் போட்டு, வீட்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டினாள். உள்ளே இருக்கும் எலும்பு கழன்று வரும்வரை வேகவைக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று தெரியாததால் அவள் நாள் முழுக்க வேகவைத்தாள், தெருவே மூக்கில் துணி கட்டிக்கொண்டு சாப்பிட்டது. எடுத்துக் கல்லில் தட்டியபோது எலும்பு கழலவில்லை, பிறகு ஆத்திரத்தோடு ஓங்கித் தட்டியபோது கழன்று, எகிறி, பக்கத்து வீட்டுக் கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு அவர்கள் ரசத்தில் விழுந்தது. உடைந்த சோடாப் புட்டியின் சில்லால் கொம்பைச் சுரண்டினாள். ஒரு பக்கம் சுரண்டல் அதிகமாகி, வெளியே வைத்த விரல் உள்ளே நிழலாகத் தெரிந்தது. குடைக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சி நுனியில் துளை இறக்கினாள், கம்பி உள்ளே போய் வளைந்து விலாவில் எட்டிப் பார்த்தது. அந்த ஓட்டையை அரக்கு வைத்து அடைத்துவிட்டு இன்னொரு துளை இறக்கினாள். அகன்ற வாய்க்குப் பூவரசங்கட்டையில் வட்டமாக மூடி செதுக்கினாள். மாட்டின் கொம்பு வட்டம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வெந்நீரில் வாயை முக்கி இளக்கி, கட்டையை வைத்து மிதித்து, கொம்பை வட்டமாக்கினாள். விளிம்பில் தேன்மெழுகு பூசினாள். நுனிக்கு ஒரு தக்கை, தோளில் மாட்ட ஒரு பழைய பெல்ட்டு.

பூதத்தான் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது கேட்காதவர் ஆகையால் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

“கோணிக்கிட்டு இருக்குட்டி!”

“மாட்டு தலையிலயும் கோணிக்கிட்டுதான் இருந்தது!” என்று அவளும் கத்தினாள். அவருக்குக் கேட்கவில்லை. தன் தலைக்கு மேல் விரலை வளைத்துக் காட்டினாள். அவர் தலையாட்டினார்.

கொடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு காலை வேளையில், ஆற்று மணலில் சோதனை வேட்டுப் போட்டார்கள். தர்மகர்த்தாவும் சப்பாணிமுத்துவும் ஊரில் வேலையில்லாதவர்கள் அத்தனை பேரும் வந்து விரலைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள். முப்பிடாதி கொம்பிலிருந்து மருந்தைக் குழாய்க்குள் சரித்து, இறுக்கி, காதில் தூவி, கம்பை நீட்டினாள். தீ ஏறியது. குழாய் உதறியது. புகை ஆளுயரத்துக்கு எழுந்தது. சத்தம் வந்தது.

“ம்ம்மாஆஆ.”

கடைசியில் ஒரு விக்கல்.

எல்லாரும் காதிலிருந்து விரலை எடுத்தார்கள். தர்மகர்த்தா புகை போகிற திசையைப் பார்த்துவிட்டு, “நம்ம காளை” என்றார். அந்த விக்கல் வேறு எந்த மாட்டுக்கும் கிடையாது. ஊருக்குள் கட்டிக் கிடந்த பசுக்கள் ஒரே சமயத்தில் எழுந்து நின்றன, இரண்டு பசுக்கள் முளையைப் பிடுங்கிக்கொண்டு ஆற்றுக்கு வந்து, குழாயை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. டீக்கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பூதத்தான், “காளைய யாருல மிரட்டுனது?” என்று சாதாரணக் குரலில் கேட்டார். டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைத் தன் காலில் ஊற்றிக்கொண்டார், ஏனென்றால் பூதத்தான் கத்தாமல் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்கே ஊர் அதைப் பழகிக்கொண்டது. காளை திரும்பி வந்திருக்கிறது, உடம்பு இல்லாமல் வந்திருக்கிறது, ஆகவே அதற்கு உண்டான மரியாதையைச் செய்யவேண்டும் என்று யாரும் கூடிப் பேசாமலே எல்லாருக்கும் தோன்றியது. முப்பிடாதி கொம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் போனால் பழக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் ஒரு பழத்தை உரித்து நீட்டினார். அவள் வாங்கித் தின்றாள். காலையில் வாசல் தெளிக்க வந்தால் படியில் பருத்திக்கொட்டை ஆட்டி வைத்திருந்தது. கொம்போடு அவள் யார் வயலில் இறங்கினாலும் வரப்பில் உட்கார்ந்திருப்பவன் எழுந்து நின்றான். பசுக்கள் அவள் பின்னால் வந்தன, பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளைகள் கலைவதுபோல அவள் கொம்பைச் சேலைத் தலைப்பால் மூடியதும் கலைந்தன. வறண்டு கிடந்த மாடு ஒன்று அவள் அந்தப் பக்கம் போன மறுநாள் செம்பு நிறையக் கறந்தது.

தொந்தரவு அங்கிருந்துதான் ஆரம்பித்தது. கொம்பில் இருப்பது மருந்து. வேட்டுக்காரர்கள் வீட்டில் வெடிக்கிற தூளுக்கு மருந்து என்று பெயர். மற்றவர்கள் வீட்டில் மருந்து என்றால் வேறு. செம்பு நிறையக் கறந்த செய்தி பரவியதும் “கொம்பு மருந்துல ஒரு சிட்டிகை குடு தாயி” என்று கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். சினை பிடிக்காத மாட்டுக்கு ஒருவர் கேட்டார். தன் முழங்காலுக்கு ஒருவர் கேட்டார். மேலத்தெருவில் புதிதாகக் கல்யாணமாகி வந்த செல்லக்கிளி, ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கொல்லைப் பக்கமாக வந்து, சேலையைத் திருகிக்கொண்டு கேட்டாள்.

“மைனி, அவுகளுக்கு ஒரு வேளை சோத்துல வச்சுக் குடுக்கணும். கொஞ்சம் மருந்து.”

“ஏட்டி, இது வெடிக்கும்.”

“அதுக்கென்ன மைனி, அவுக கொஞ்சம் வெடிச்சாத்தான் நல்லாருக்கும். வந்த நாளா சும்மாவே உக்காந்திருக்காக.”

முப்பிடாதி அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். அந்த வாரமே டவுனிலிருந்து மாட்டு டாக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். “மாடுகளுக்கு மருந்து குடுக்கீங்களாமே, லைசென்ஸ் இருக்கா?” என்றார். இருக்கிறது என்று அவள் பூதத்தானின் வெடிமருந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். அவர் நின்றபடியே வாசித்து முடித்தார், கொம்பு தொங்கிய ஆணியைப் பார்த்தார், பற்றவைக்க எடுத்த சிகரெட்டைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

இதெல்லாம் முப்பிடாதிக்குப் பெரிய விஷயம் இல்லை. பூதத்தான்தான் பெரிய விஷயமாக இருந்தார். தினமும் சாயங்காலம் அவர் கொம்பை எடுத்து அவள் கையில் கொடுப்பார், ஒரு சிட்டிகையைக் கல்லில் வைத்து அவள் பற்றவைப்பாள், சிறிய ‘ம்மா’ ஒன்று கிளம்பும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “நல்லாருக்கு. இன்னொண்ணு வை” என்பார். அவருக்கு உலகத்தில் கேட்டது அது ஒன்றுதான். அவள் அவர் காதுக்கு அருகில் போய் “என்னங்க” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். கொம்பின் வாய்க்குள் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு சிட்டிகை மருந்தின்மேல் குனிந்து கூப்பிட்டுவிட்டுப் பற்றவைத்தும் பார்த்தாள், மாடுதான் வந்தது. உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் பிடிக்காமல் போகாத அந்தக் காளையை அவளுக்கு இப்போது கொஞ்சம் பிடிக்காமல் போயிற்று.

சப்பாணிமுத்து இதையும் கோயிலுக்குக் கொண்டுபோனான்.

“அண்ணனுக்குக் காது வந்துட்டு. காது போனதாலதானே மைனி கேட்டாக? இப்போ வேட்டு அண்ணனுக்கே ஆச்சு. அண்ணனுக்கு முடியலன்னா தம்பிக்கு.”

“உங்க அண்ணனுக்கு வந்தது காது இல்ல, மாடு” என்றாள் முப்பிடாதி.

தர்மகர்த்தா அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் அதற்குள் அக்கரையிலிருந்து சேதி வந்திருந்தது. ஆலடிக்கரையின் வேட்டுக்காரர் கொம்பையா நல்ல உயரம், நல்ல மீசை, சத்தத்தில் இந்த ஜில்லாவில் தன் குழாய்க்கு இணையில்லை என்று நினைப்பு. அவர் ஆற்றின் நட்டநடுவில் வந்து நின்று, அங்கிருந்து மேலே ஏறாமல், தர்மகர்த்தாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“சாஸ்தா ஆனை மேல உக்காந்திருக்கவரு. மாட்டுக்கெல்லாம் பதில் சொல்ல மாட்டாரு. வேட்டுப் போட்டா நாங்க வேட்டுப் போடுவோம். மாடு கத்துனா நாங்க கேட்டுக்கிட்டு சும்மா இருப்போம்.”

“அது வேட்டுதான்யா. மாடு மாதிரிக் கேக்கு, அவ்வளவுதான்.”

“எனக்கு மாடாத்தான் கேட்டது.”

நல்லாம்பாறையில் அன்று ஒரு முடிவு எடுத்தார்கள். கொடையன்று முதல் வேட்டு முப்பிடாதி தன் கொம்பு மருந்தால் போடுவாள். அம்மன் முன்னால் இறக்கி வைத்த பொங்கல் பானையில் ஆவி அடங்குவதற்குள் பதில் வந்தால் வேட்டு இனி அவளுக்கு. வராவிட்டால் சப்பாணிமுத்து அண்ணன் கொம்பு மருந்தால் போடுவான், வேட்டு இனி அவனுக்கு. சப்பாணிமுத்து மறுநாளே பஸ் நிறுத்தத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தான். அதில் அவன் தலையில் பரிவட்டம் இருந்தது, கம்ப்யூட்டரில் வைத்தது, நிஜத் துணியைவிட நன்றாகப் பொருந்தியிருந்தது.

மிச்ச நாட்களில் ஊர் கொம்புக்குத் தைரியம் சொல்லியது. பூசாரி அதன் முன்னால் மணி அடித்து, “இனி உனக்கு என்ன ஆகப்போகுது, உனக்கு ஆக வேண்டியதெல்லாம் ஆகியாச்சு” என்று எடுத்துச் சொன்னார். பழக்கடைக்காரர் தாஜா செய்தார். பெண்கள் தடவிக் கொடுத்தார்கள். முப்பிடாதி மட்டும் ஏசினாள். “உயிரோட இருக்கும்போதுதான் பயந்து ஓடுனே. இப்போ காலே இல்ல, எங்க ஓடுவே?” என்று கேட்டுவிட்டு ஒரு சிட்டிகை வைத்துப் பார்த்தாள். ‘ம்மா’ என்றது. விக்கியது.

கொடை வந்தது. மேளம், வில்லுப்பாட்டு, பலூன்காரர்கள், வெயில். அம்மன் சப்பரத்தில் தயாராக இருந்தாள், தூக்குகிறவர்கள் சும்மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார்கள். பொங்கல் பானையை இறக்கி வைத்தார்கள், ஆவி கொழுகொழு என்று எழும்பியது. முப்பிடாதி புதுச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கரையில் குழாயை நட்டு, கொம்பைச் சரித்து, இறுக்கி, தூவி, பற்றவைத்தாள்.

கோயில் காளை தன் ஆயுளில் அப்படிக் கதறியதில்லை. ஆலமரத்துக் காக்கைகள் எழுந்து அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்தன, இக்கரைக் காக்கைகள் அங்கே போயின. அம்மன் கழுத்து மாலையில் ஒரு பூ உதிர்ந்தது. கூட்டத்துக்குள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டிருந்த பூதத்தான் முகம் மலர்ந்து, “நல்லா விழுந்திருக்கு” என்றார்.

அக்கரையில் கொம்பையா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புகையைப் பார்த்தார், காக்கையைப் பார்த்தார், மீசையைத் தடவினார். கம்பை எடுக்கவில்லை.

நல்லாம்பாறை மைக்கில் தர்மகர்த்தா, “அக்கரைப் பெரியோர்களே, வேட்டுப் போட்டாச்சு” என்று அறிவித்தார். ஆலடிக்கரை மைக், “இங்க மாடுதான் கேட்டது” என்றது. “அது எங்க பாஷை” என்றது இந்த மைக். “எங்க சாமிக்குத் தெரியாத பாஷை” என்றது அந்த மைக். இரண்டு மைக்கும் ஒரே சவுண்டு சர்வீஸ்காரருடையது. அவர் நடுவில் ஒரு பாட்டுப் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று இரண்டு ஊரும் சொன்னன. பானையில் ஆவி மெலிந்துகொண்டிருந்தது. சப்பாணிமுத்து சட்டையைக் கழற்றி, வேட்டியை இறுக்கி, அண்ணன் கொம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு குழாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“தள்ளிக்கிடுங்க மைனி. வெயில்ல எதுக்கு நிக்கீக.”

“ஆவி இருக்குல்லா? இருக்கும்போது தொட்டீரு, உம்ம கையப் பத்த வச்சிருவேன்.”

அவள் ஆவியைப் பார்த்தாள், அக்கரையைப் பார்த்தாள். பிறகு கொம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆற்று மணலில் இறங்கினாள். சாமி பேச்சில் மனுஷன் குறுக்கே போகக்கூடாது என்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. ஆனால் கொம்போடு போகிறவளை எப்படித் தடுப்பது, கோயில் காளை கொடைக்குக் கொடை அக்கரைக்கு ஓடுவதுதானே வழக்கம், அதை யார் எப்போது தடுத்தார்கள் என்று யோசிப்பதற்குள் அவள் பாதி ஆற்றைத் தாண்டியிருந்தாள். மணல் சுட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

கொம்பையா அவள் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“என்னம்மா, மாடு ஓட்டிக்கிட்டு வந்தியா?”

“அண்ணாச்சி, தப்பு என் கொம்புலயா எங்க குழாயிலயான்னு எனக்கே தெரியல. உங்க குழாயி பெரிய குழாயின்னு சொல்லுதாக.”

“சொல்லுதாகளா? சொல்ல என்ன இருக்கு. சட்டிக்கரியப் போட்டாலும் என் குழாயி இடி மாதிரி விழும்.”

“இந்த மருந்து போட்டா?”

“எந்த மருந்து போட்டாலும்.”

“இதுலயும் மாடு கத்திட்டுன்னா உங்களுக்குத்தான் அசிங்கம் அண்ணாச்சி, வேண்டாம், நான் போறேன்.”

அவள் திரும்பினாள். நாலடி நடந்திருப்பாள்.

“நில்லு தாயி. கொம்பக் கொண்டா.”

இதைத் திட்டம் போட்டுத்தான் செய்தாயா என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். அதெல்லாம் இல்லை, அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன் என்றாள். யாரும் நம்பவில்லை. கொம்பையா அவள் கொம்பைச் சரித்துத் தன் குழாயை நிறைத்தார், ஒரு பங்குக்கு இரண்டு பங்காகப் போட்டார், மீசை வேர்க்க இறுக்கினார், ஆலடிக்கரைக்காரர்களை விலகி நிற்கச் சொன்னார், காதில் தூவினார், கம்பை எட்ட நீட்டினார்.

“ம்ம்மா.”

கதறல் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கிய மாடு, யாரையோ பார்த்துவிட்டு, வந்துவிட்டாயா என்று கேட்பதுபோல இருந்தது. விக்கலும் இல்லை. அக்கரை எப்போதும் அந்தக் காளைக்குப் பயம் விட்டுப்போகிற இடம்தானே. சத்தம் அவசரமே இல்லாமல் மணலைக் கடந்து நல்லாம்பாறைக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே பொங்கலில் ஆவி ஒரு நூலாக மிச்சமிருந்தது. எல்லாரும் வாயைத் திறந்தார்கள், ஆனால் யார் சொல்வது, சொல்லவேண்டியவள் அக்கரையில் நிற்கிறாளே என்று வாயைத் திறந்தபடியே நின்றார்கள். பூதத்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து, ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த குரலில் கத்தினார்.

“வந்துட்டு! பதில் வந்துட்டு!”

தூக்குகிறவர்களுக்கு வேறொன்றும் தெரியாது, அந்த வார்த்தை தெரியும். சப்பரம் எழும்பியது.

“இது எப்படிச் செல்லும்?” என்று சப்பாணிமுத்து குதித்தான். “வேட்டுப் போட்டது அவுக, கேட்டது இவுக!”

“புருஷன் பொஞ்சாதிதானல. ரேஷன் கார்டு ஒண்ணுதானே?” என்று சொல்லிக்கொண்டே தர்மகர்த்தா சப்பரத்தின் பின்னால் ஓடினார்.

அக்கரையில் கொம்பையா கம்பைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். ஆற்றில் அம்மன் இறங்கி வருவதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது.

“என் கையாலயே பதில் சொல்ல வச்சுட்டியே தாயி.”

“உங்க குழாயி பெரிய குழாயிதான் அண்ணாச்சி. எங்க கரை வரைக்கும் கேட்டிருக்கே.”

அவர் அதை யோசித்துப் பார்த்து, பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

சப்பரம் மேடேறி வந்து முப்பிடாதி முன்னால் நின்றது. மேளம் நின்றது. பூசாரி அம்மன் இடுப்பிலிருந்து பட்டுத்துணியை உருவித் தர்மகர்த்தாவிடம் கொடுத்தார். தர்மகர்த்தா அதை மடித்து, நெற்றியில் வைத்து, பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போடப் பார்த்தார். எத்தனையோ ஆம்பளைத் தலைகளுக்குக் கட்டிய கை அது. முப்பிடாதியின் பின்மண்டையில், சோற்றுப் பானை மூடியளவு கொண்டை இருந்தது. துணி கொண்டைக்கு மேல் போட்டால் வழுக்கி முன்னால் வந்து கண்ணை மறைத்தது, கொண்டைக்குக் கீழே போட்டால் காதைப் பிடித்து மடக்கியது, சுற்றிக் கொண்டுவந்தால் முனையும் முனையும் எட்டவில்லை. இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது. பூதத்தான் ஏதோ யோசனை சொன்னார், அதையும் கத்தித்தான் சொன்னார், செய்து பார்த்தார்கள், சரிவரவில்லை.

தர்மகர்த்தா வேர்வையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“முப்பிடாதி, கொண்டைய ஒரு நிமிஷம் அவுத்துக்கிடேன். கட்டின பிறகு போட்டுக்கிடலாம்.”

“அது அப்படியே இருக்கட்டும் மாமா” என்றாள் அவள். “துணியப் பெருசாக் கொண்டாங்க.”

பெரிய துணி நல்லாம்பாறையில் அம்மனின் பெட்டிக்குள் இருந்தது. சாவி பூசாரி வீட்டில் இருந்தது. சப்பாணிமுத்துதான் நன்றாக ஓடுவான் என்று அவனையே அனுப்பினார்கள். அவன் போய் வரும்வரை முப்பிடாதி அந்த வெயிலில் அசையாமல் நின்றாள், அம்மனும் தூக்குகிறவர்கள் தோளில் அப்படியே நின்றாள்.